முழங்கால் உயரத்துக் காடு

காவோ யாய் காட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேலே பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். கிப்பன் குரங்குகளின் கூவல் மர உச்சியிலிருந்து வருகிறது. இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே சிறகடித்துப் போனால் அந்த ஓசைக்கு யாருடைய தலையும் தானாக நிமிரும். யானைச் சாணம் தெரிந்தால் மட்டும் கண்கள் பாதைக்கு இறங்கும். நானும் அண்ணனும் தேடிப் போனது இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் மேலே, முழங்காலுக்குக் கீழே, இலைகளின் அடிப்பக்கத்தில் பூச்சிகளும் சிலந்திகளும் செத்து ஒட்டிக் கிடக்கும். அவற்றின் உடம்பைக் கிழித்துக்கொண்டு பூஞ்சை முளைத்திருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே கடல் கடந்து போனோம்.

பாங்காக்கிலிருந்து வடகிழக்கே போகும் ரயிலில் ஏறினால், கேங் கோய் சந்திப்பைத் தாண்டியதும் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. இந்தப் பாதை கோராட் நகரம் வரை 1900-இல் திறக்கப்பட்டது. அதைப் போடுகையில் இந்தக் காட்டின் மலேரியா ஏராளமான தொழிலாளர்களைக் கொண்டுபோனது. இப்போது ஜன்னல் வழியே சிமென்ட் ஆலைகளும் சோளக்கொல்லைகளும் தெரிகின்றன. பாக் சோங் ஊரில் இறங்கி, இரண்டு பக்கமும் பலகை இருக்கை போட்ட வண்டியில் ஏறினால் காட்டின் வாசல் வரை கொண்டுபோய் விடுவார்கள். 1962-இல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காதான் தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா. பரப்பு 2,168 சதுர கிலோமீட்டர். 2005 முதல், அதையடுத்த காடுகளோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் போனது செப்டம்பர். சுற்றுலாக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளும் மழைக்காலம். பூஞ்சை பார்க்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது. பூங்கா அலுவலகத்தின் அருகே எங்களுக்காகக் காத்திருந்த வழிகாட்டி நடுவயதுப் பெண். ஆய்வுக் குழுக்களோடு இந்தக் காட்டில் நடந்து பழகியவர். முதல் வேலையாக எங்கள் கையில் அட்டைக் காலுறையைக் கொடுத்தார். முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற துணிப்பை அது. அண்ணன் வால்பாறைப் பக்கம் நடந்து பழகியவர் என்பதால் அட்டை அவருக்குப் புதிதில்லை. "சுண்ணாம்பும் பொகையிலையும் வெச்சுக் கட்டறதுக்கு இது தேவலாம் அம்மிணி" என்றார்.

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். காண்டாமிருக வண்டோடு அவருக்கு நெடுநாள் பகை. எருக்குழியில் பச்சைப் பூஞ்சைத் தூளைக் கலந்துவிட்டு அதன் புழுக்களைக் கொல்கிற வித்தை தெரிந்தவர். பூச்சியைத் தின்னும் பூஞ்சைகளைப் பற்றி நான் படித்ததை அவரிடம் சொல்லும்போதெல்லாம், தெரிந்த ஊரைப் பற்றிக் கேட்பவர்போல நடுநடுவே தலையாட்டுவார். அவரை அழைத்துக்கொண்டு வந்தால் காடு இன்னும் நன்றாகப் புரியும் என்று தோன்றியது. அப்படியே ஆனது.

பாதையை விட்டு இறங்கக் கூடாது, எதையும் பறிக்கக் கூடாது, இலையைத் திருப்பிப் பார்த்தால் மறுபடி அப்படியே விட்டுவிட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். நடந்தார் என்பதைவிட நின்றார் என்பதே சரி. பத்தடி போவதற்குள் குனிந்துவிடுவார். ஒரு சின்னக் கண்ணாடியை இலைக்கு அடியில் நீட்டி, அதில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பார். இலையைத் தொடக்கூட வேண்டியதில்லை. எங்களுக்கும் ஆளுக்கொரு கண்ணாடி கொடுத்தார்.

முதலில் கிடைத்தது ஒரு சிலந்தி. இஞ்சிச் செடி இனத்தைச் சேர்ந்த ஒரு குத்தின் கீழ் இலையில், நடு நரம்பை ஒட்டி இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது யாரோ பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோலத் தெரிந்தது. கைலென்ஸ் வைத்ததும் அந்தப் பஞ்சிலிருந்து எட்டுக் கால்கள் வெளிப்பட்டன. உடம்பு முழுக்க வெள்ளை இழைகள் மூடி, கால்களையும் இலையோடு சேர்த்துக் கட்டியிருந்தன. அதிலிருந்து மெல்லிய தூண்கள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு தூணிலும் மேலிருந்து கீழ்வரை ஊதா படர்ந்த மாவு. அந்த மாவின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. கண் இருந்த இடம் தெரியவில்லை. முன்காலின் நுனி ஒன்று மட்டும் இழைக்குள் சிக்காமல், உயிருள்ள சிலந்தியின் கால் மாதிரியே மயிரோடு பளபளத்தது.

இது கிபெல்லுலா என்ற பேரினம். சிலந்தியைத் தவிர வேறெதிலும் வளராது. பூச்சிகளில் வளரும் பூஞ்சைகள் ஏராளம். சிலந்தியோடு மட்டுமே வாழப் பழகிய இனங்கள் தனிக் கூட்டம். வலை பின்னுகிறவை, குதித்து வேட்டையாடுகிறவை என்று பல வகைச் சிலந்திகளையும் இது பிடிக்கிறது. பிடிபட்டவை சாகும்போது பெரும்பாலும் இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. மழைத்துளி நேராக அடிக்காத, வெயில் சுடாத, வித்து கீழ்நோக்கி உதிர வசதியான இடம் அது. இந்தப் பேரினம் வெப்பமண்டலத்துக்கு மட்டும் உரியது என்றும் சொல்லிவிட முடியாது. அயர்லாந்துத் தீவின் குகைச் சிலந்திகளில் கண்டெடுத்த ஒரு வகைக்கு 2025-இல் இயற்கைத் தொடர்களின் குரலான டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள். ஆனால் ஒரே நடையில் வெள்ளையும் மஞ்சளும் ஊதாவுமாக இப்படி அடுத்தடுத்துப் பார்க்க, மழை ஓயாத இந்த மாதிரிக் காடு வேண்டும். கதவு வைத்த வளைக்குள் வாழும் சிலந்தியையும் தாய்லாந்துக் காடுகளில் ஒரு பூஞ்சை தேடிப் பிடிக்கிறது. அது சிலந்தியை வளைக்குள்ளேயே கொன்றுவிட்டு, மண்ணுக்கு மேலே இளம் ஊதா நிறத்தில் ஒரு தண்டை நீட்டும். அதைத் தேடி ஒரு மண்சரிவோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம், தென்படவில்லை.

எறும்பு அதற்கப்புறம் கிடைத்தது. உண்மையில் நான் வந்ததே அதற்காகத்தான்.

இலைக்கு அடியில், நரம்பைக் கடித்துக்கொண்டு ஒரு கட்டெறும்பு தொங்கியது. கால்கள் காற்றில் விரிந்திருந்தன. உடம்பின் எடை முழுவதையும் தாடைகள் இரண்டும்தான் தாங்கின. அவை நரம்புக்குள் பாதி புதைந்து, அந்த இடத்தைச் சுற்றி இலை பழுப்பேறியிருந்தது. பிடரியிலிருந்து, தலையும் மார்பும் சேரும் மூட்டைப் பிளந்துகொண்டு, கருத்த தண்டு ஒன்று எறும்பின் உடலைவிட நீளமாக வளைந்து போயிற்று. தண்டின் பாதி வழியில் ஒருபக்கமாக மட்டும் பழுப்பு நிறத்தில் ஒரு வீக்கம். அதன்மேல் ஊசிமுனைத் துளைகள். அந்தத் துளைகள் வழியாகத்தான் வித்துகள் கீழே பாய்கின்றன. மூட்டுகளில் எல்லாம் செம்பழுப்பு இழைகள் மெல்லிய பூச்சாக எட்டிப் பார்த்தன. மற்றபடி எறும்பு முழுசாக இருந்தது. வயிற்றின் மேலிருந்த பொன்னிற மயிர்கூட உதிரவில்லை.

ஓஃபியோகார்டிசெப்ஸ் யூனிலேட்டராலிஸ். பிரான்ஸின் துலான் சகோதரர்கள் 1865-இல் இதை விவரித்தார்கள். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பூஞ்சை ஆய்வாளர்களைத் தவிர அதிகம் பேர் இதைக் கண்டுகொள்ளவில்லை. இந்த எறும்பின் சாவு எப்படி நடக்கிறது என்பதை அக்கறையோடு அளந்து பார்த்த வேலை, தாய்லாந்தின் தெற்கே காவோ சோங் காட்டில் நடந்தது. டேவிட் ஹியூஸும் அவரோடு உழைத்தவர்களும் 2009-இலும் 2011-இலும் வெளியிட்ட கட்டுரைகள் அவை.

அவர்கள் கண்டது இது. எறும்பின் கூடு மர உச்சியில் இருக்கிறது. இரை தேடி எறும்பு கீழே இறங்கும் வழியில் வித்து ஒன்று அதன்மேல் ஒட்டுகிறது. ஒட்டிய வித்து முளைவிட்டு, ஓட்டைக் கரைத்தும் அழுத்தியும் உள்ளே நுழைகிறது. உள்ளே போனதும் தனித்தனி உயிரணுக்களாகப் பிரிந்து எறும்பின் ரத்தத்தில் பெருகுகிறது. அதுவரை எறும்பு வழக்கம்போல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பிறகு ஒருநாள் வரிசையை விட்டு விலகித் தனியே அலையத் தொடங்கும். உடல் வெட்டி வெட்டி இழுக்கும். அந்த இழுப்பில் உயரத்திலிருந்து விழுந்துவிடுவதால் மறுபடி கூட்டுக்கு ஏற முடிவதில்லை. கீழே செடிகளில் தள்ளாடி ஏறி, உச்சிப்பொழுதை ஒட்டி, ஏதோ ஓர் இலையின் அடி நரம்பைக் கவ்வுகிறது. கவ்விய பின் விட முடியாது. தாடையை அசைக்கும் தசைகள் அதற்குள் நைந்துபோயிருக்கும். அன்றைக்கே உயிர் போய்விடும்.

காவோ சோங்கில் எறும்புகள் கவ்விய இலைகள் தரையிலிருந்து சராசரியாக 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தன. செடியின் வடக்கு வடமேற்குப் பக்கமாக இருந்தன. அந்த உயரத்தில் ஈரப்பதம் 95 சதவீதத்தை ஒட்டி இருந்தது, வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் நின்றது. இறந்த எறும்புகளை இலையோடு எடுத்துச் சிலவற்றை மர உச்சியிலும் சிலவற்றைத் தரையிலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் பூஞ்சை சரியாக வளரவில்லை. கூட்டுக்குள் வைத்துப் பார்த்த வேறொரு ஆய்விலும் வளரவில்லை. அந்தக் காட்டில் இந்த ஒரு சாண் உயரத்தை விட்டால் இந்தப் பூஞ்சைக்கு வேறு இடமில்லை.

அண்ணன் தன் கைச்சாணை விரித்துத் தரையில் ஊன்றி இலைவரை அளந்தார். சுண்டுவிரல் நுனி எறும்பின் கீழே ஓர் அங்குலத்தில் நின்றது. "வாய்க்கா மட்டத்துக்கு நீர் அளந்து வெக்கற மாதர வெச்சிருக்குது" என்றார். அதை அவர் வியந்து சொல்லவில்லை, ஒரு வேலை நேர்த்தியாக இருந்தால் சொல்கிற குரலில் சொன்னார்.

எறும்பின் மூளையைப் பூஞ்சை பிடித்துக்கொண்டு ஆட்டுவிப்பதாகத்தான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2017-இல் வந்த ஆய்வு அதைக் கலைத்துப் போட்டது. இறக்கும் தறுவாயிலுள்ள எறும்புகளை மெல்லிய சீவல்களாக வெட்டி மின்னணு நுண்நோக்கியில் பார்த்தபோது, தலையிலும் மார்பிலும் வயிற்றிலும் காலிலும் தசைநார்களைச் சுற்றிப் பூஞ்சை உயிரணுக்கள் ஒன்றோடொன்று குழாய் போட்டு இணைந்து வலையாக நின்றன. மூளைக்குள் மட்டும் ஓர் உயிரணுவும் நுழைந்திருக்கவில்லை. மூளையைப் பூஞ்சை வெளியிலிருந்து ரசாயனங்களால் தொடக்கூடும், அது வேறு. ஆனால் உடம்பு பூஞ்சையின் கையில் இருக்கிறது, மூளை கடைசிவரை எறும்பினுடையதாகவே இருக்கிறது. இந்த விஷயத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

இந்தப் பூஞ்சையை 'ஜோம்பி' என்று அழைக்கும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. 2006-இல் பிபிசியின் பிளானட் எர்த் தொடரில் காட்டினார்கள். அதைப் பார்த்து 2013-இல் ஒரு வீடியோ கேம் வந்தது, 2023-இல் அதே கதை தொலைக்காட்சித் தொடராகவும் ஓடியது. மனிதர்களின் தலையில் காளான் முளைத்து நகரங்கள் அழிவதாகக் கதை. கதை அளவில் இருக்கட்டும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் இப்போது இந்த உயிரை அந்தக் கதை வழியாக மட்டுமே அறிகிறார்கள் என்பது எனக்கு வருத்தம். நம் உடம்பு 37 டிகிரிச் சூட்டில் இருக்கிறது. பூச்சிப் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சூடு ஆகாது. அதைவிடப் பெரிய காரணம், ஓர் எறும்பு இனத்திலிருந்து பக்கத்து எறும்பு இனத்துக்குத் தாவுவதே இவற்றுக்குப் பெரும்பாடு. தாய்லாந்தில் ஒரே இனம் என்று எண்ணியிருந்ததை 2012-இல் மரபணு பார்த்துப் பிரித்தபோது, எறும்பு வகைக்கு ஏற்பப் பூஞ்சையும் வெவ்வேறாக இருப்பது தெரிந்தது. ஒவ்வொன்றும் தன் எறும்போடு லட்சக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து மாறி வந்திருக்கிறது. ஜெர்மனியின் மெசெல் சுரங்கத்தில் கிடைத்த, 4 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழைய புதைபடிவ இலை ஒன்றில் நரம்பின் இருபுறமும் இதே மாதிரிக் கடித்தடங்கள் இருக்கின்றன. மனிதக் குரங்குகள் தோன்றுவதற்கு வெகு முன்னாலேயே எறும்பு இலையைக் கவ்வத் தொடங்கிவிட்டது.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. இலை மறைவில் ஒதுங்கி, பனையோலைப் பெட்டியில் வழிகாட்டி கொண்டுவந்திருந்த ஒட்டரிசிச் சோற்றையும் சுட்ட கோழியையும் சாப்பிட்டோம். அட்டைகள் காலுறைமேல் ஏறி மேலே போக வழி தெரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. வழிகாட்டி தன் ஊர் வழக்கம் ஒன்றைச் சொன்னார். சிள்வண்டு மண்ணுக்கடியில் புழுவாக இருக்கும்போதே பூஞ்சை பிடித்து, தலையிலிருந்து கொம்புபோல் முளைவிடும். அதைத் தோண்டி எடுத்து அதிர்ஷ்டப் பொருளாக வைத்துக்கொள்வது தாய்லாந்தில் உண்டு. செடியும் வண்டும் ஒன்றாகப் பிறந்த அபூர்வ மூலிகை என்று சந்தையில் விற்றார்கள், தாயத்தாகக் கட்டினார்கள். அவருடைய பாட்டி வீட்டில் அரிசிப் பானைக்குள் ஒன்று இருந்ததாம்.

அந்தச் சிள்வண்டுப் பூஞ்சைகளின் கூட்டத்தில் ஒன்று மருந்துக்கடை வரை வந்திருக்கிறது. இசாரியா சின்க்ளேரி என்ற பூஞ்சையிலிருந்து மிரியோசின் என்ற பொருளை ஜப்பானில் தெட்சுரோ ஃபுஜிதாவின் குழு பிரித்தெடுத்தது. அதை மாற்றிச் செதுக்கியதில் கிடைத்தது ஃபிங்கோலிமாட். நரம்பு உறையைத் தன் உடம்பே அரித்துத் தின்னும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோய்க்கு, ஊசியில்லாமல் வாயால் விழுங்கும் முதல் மருந்தாக 2010-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரின் கதையும் இதே மாதிரிதான். நார்வேயின் மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து 1970-களில் அது வந்தது. அந்தப் பூஞ்சை எங்கே எப்படி வாழ்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஒரு வண்டுப் புழுவின்மேல் முளைத்திருந்த கார்டிசெப்ஸ் என்ற பூஞ்சை அதனுடைய இன்னொரு உருவம் என்று 1996-இல் கேத்தி ஹாட்ஜ் காட்டினார். பூச்சியின் நோய் எதிர்ப்பைப் படுக்கவைக்கப் பழகிய பூஞ்சையிடம் அந்த மாதிரிப் பொருள் இருப்பது இயல்புதான். நம் ஊரில் மாற்றுச் சிறுநீரகத்தோடு பிழைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர் இதற்குக் கடன்பட்டவர்கள்.

மழை தூறலான பிறகு அண்ணன் முன்னால் நடந்தார். விழுந்து மக்கிக் கிடந்த பெரிய மரம் ஒன்று பாதையை மறித்திருந்தது. அதன் பட்டை ஓரிடத்தில் தானாகவே பெயர்ந்து விழுந்திருந்தது. அந்த ஓட்டைக்குள் அவர் குனிந்து பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, இங்க வா. இது நம்ம எருக்குழிச் சமாச்சாரம்."

கட்டைவிரல் பருமனில் சுருண்டு கிடந்த வண்டுப் புழு. பாதி உடம்பு வெள்ளை இழையாலும் மீதி கரும்பச்சை மாவாலும் மூடியிருந்தது. ஈரத்தில் அந்த மாவு பாளம் பாளமாக வெடித்திருந்தது. மெட்டாரைசியம் வகைதான் என்று வழிகாட்டியும் தலையாட்டினார். அண்ணன் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தில் வாங்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றும் தூளாகவே அதை அவர் அறிந்திருந்தார். அது தானாகப் பிறந்து தானாக வாழும் இடத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார். "இதுக்கு யாரும் தண்ணி தெளிக்கல, நெழல் போடல. எப்பிடிப் புடிச்சுருக்குது பாரு" என்றார். வெயில் காலத்தில் எருக்குழி காய்ந்தால் பூஞ்சை வேலை செய்வதில்லை என்பது அவருடைய நெடுநாள் குறை. குழிக்கு மேலே தென்னங்கீற்றைப் போட்டு ஈரம் காக்க வேண்டும் என்பதை அவரே பட்டுத் தெரிந்துகொண்டவர். மக்கிய மரத்தின் உட்பக்கத்தில் விரல் வைத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பூச்சிகளைப் பூஞ்சை கொல்கிறது என்ற அறிவே ஒரு பெரிய திறப்பாக இருந்த காலம் உண்டு. இத்தாலியில் பட்டுப்புழுக்கள் வெள்ளை பூத்துச் சாகும் நோயை வருடக்கணக்காக ஆராய்ந்த அகோஸ்தினோ பாஸி, அது ஓர் உயிரால் தொற்றும் நோய் என்று 1835-இல் எழுதினார். கண்ணுக்குத் தெரியாத உயிர் ஒரு விலங்குக்கு நோய் தரும் என்பதற்கு அதுவே முதல் சான்று. கிருமி ஆய்வில் பெயர்பெற்ற பாஸ்டரும் கோக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பூஞ்சைக்கு பவேரியா பாசியானா என்று அவர் பெயரையே சூட்டினார்கள். நம் ஊர் விவசாயிகள் உரக்கடையில் கேட்டு வாங்கும் அதே பவேரியா. மெட்டாரைசியத்தை 1879-இல் கோதுமை வண்டில் கண்டெடுத்து, அதை வளர்த்து வண்டுகளின்மேலேயே ஏவலாம் என்று யோசித்தவர் ரஷ்யாவின் மெச்னிகோவ். அண்ணனின் எருக்குழிக்கு அந்த யோசனைதான் வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னபோது, "அந்தக் காலத்துலயே வண்டுத் தொல்லை இருந்திருக்குது பாரு" என்றார்.

இந்தக் காட்டின் பூஞ்சைகளை முறையாகத் தேடத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் நைஜல் ஹைவெல்-ஜோன்ஸ். தாய்லாந்தின் பயோடெக் நிறுவனத்தில் பூச்சிப் பூஞ்சைகளின் சேகரிப்பை வளர்த்தெடுத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கம்பளிப்புழுக்களில் வளரும் இரண்டு புதிய கார்டிசெப்ஸ் இனங்களை அவர் 1994-இல் விவரித்தார். அதில் ஒன்றின் பெயரிலேயே காவோ யாய் இருக்கிறது. அவருக்குப் பின் ஜெனிஃபர் லுவாங்சா-ஆர்ட் போன்றவர்கள் அந்த வேலையைத் தொடர்ந்து, தாய்லாந்தின் காடுகளிலிருந்து புதிய இனங்களை விவரித்துக்கொண்டே இருக்கிறார்கள். தன் நாட்டுக் காட்டைத் தன் நாட்டு ஆய்வுக்கூடமே இப்படி இலைக்கு இலை தேடிப் பதிவு செய்வதைப் பார்க்கும்போது பொறாமையாகத்தான் இருந்தது.

மாலையில் ஓடையோரம் வழிகாட்டி ஒரு புதரை விலக்கிக் காட்டினார். அதே வகை எறும்பு, அதே கவ்வல். ஆனால் தண்டின் வீக்கத்தையும் சேர்த்து வேறொரு வெள்ளைப் பூஞ்சை மூடியிருந்தது. கருப்புத் தண்டு அதற்குள் நொறுங்கிக்கொண்டிருந்தது.

எறும்பைத் தின்ற பூஞ்சையை இன்னொரு பூஞ்சை தின்கிறது. பிரேசிலில் எறும்பு இடுகாடு ஒன்றை நெருங்கி ஆராய்ந்தவர்கள், அங்கே இறந்து தொங்கியவற்றில் நூற்றுக்கு ஆறு ஏழில் மட்டுமே வித்துவிடும் நிலையில் பூஞ்சை இருந்ததாக 2012-இல் எழுதினார்கள். மற்றவற்றில் பலவற்றை இப்படி மேலே படரும் பூஞ்சைகள் முடக்கியிருந்தன. இந்த மாதிரிப் படர்பூஞ்சைகளில் இரண்டுக்கு 2022-இல்தான் பெயர் வைத்தார்கள், இரண்டுமே அறிவியலுக்குப் புதிய பேரினங்கள். எறும்புக் கூட்டம் ஒட்டுமொத்தமாக அழியாமல் இருப்பதற்கு அவையும் ஒரு காரணம். எறும்பு பெருகினால் பூஞ்சை பெருகும், பூஞ்சை பெருகினால் அதைத் தின்னும் பூஞ்சை பெருகும். எந்த உயிரும் மற்றதை முழுக்க விழுங்கிவிடாமல் இந்தக் காடு நிற்பதில் முழங்காலுக்குக் கீழே நடக்கும் இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு. பூஞ்சையைக் கொலைகாரன் என்று எழுதுகிறவர்கள் இந்தப் புதர் வரை வந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இருட்டுவதற்குள் இன்னும் சில கிடைத்தன. செதில் பூச்சியை முழுக்க விழுங்கி இலையில் ஆரஞ்சு மணியாக உட்கார்ந்திருந்த ஒன்று. குச்சியின் நுனியில் ஈ ஒன்றைச் சிறைவைத்து, அதன் உடம்பிலிருந்து குண்டூசித் தலைகளாக நீட்டிக்கொண்டிருந்த இன்னொன்று. அந்துப்பூச்சியின் இறக்கையிலும் உடம்பிலும் வெள்ளைக் கூர்களாகக் குத்திட்டு நின்றது மூன்றாவது. அதன் இறக்கைச் செதில்களின் கோலம் இழைகளுக்கு இடையில் அப்படியே தெரிந்தது. கடைசியாக, ஈர இலைக்குப்பைக்கு மேலே செக்கச்சிவந்த ஒரு மொட்டு. கருப்புக் கம்பிபோன்ற காம்பின் உச்சியில் சாய்ந்து நின்றது. வழிகாட்டி குப்பையை விரலால் ஒதுக்க ஒதுக்க, காம்பு இறங்கிப்போய் மண்மேல் கிடந்த நாவாய்ப்பூச்சியின் தோளில் முடிந்தது. ஓஃபியோகார்டிசெப்ஸ் நியூட்டன்ஸ். பார்த்த பிறகு குப்பையை முன்போலவே மூடிவிட்டார்.

இந்தச் சிவப்பு மொட்டு நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது, குடகுக் காடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் நின்றுவிட்டார்.

"குடகுல இருந்தா ஆனமலைல இருக்காதா?"

"தேடினவங்க கம்மிங்ண்ணா. மழை, நெழல், பூச்சி மூணும் இருக்குது. இல்லாம இருக்க நியாயமே இல்ல."

"அப்ப ஐப்பசி அடமழ விடட்டும். வால்பாறைல நமக்குத் தெரிஞ்ச பையன் வேட்டைத்தடுப்புக் காவலுக்குப் போறான். வனத்துறைல முறையா எழுதிக் கேட்டுட்டு அவனயும் கூட்டிக்கிட்டுப் போலாம்" என்றவர், வழிகாட்டி பக்கம் திரும்பி அந்தச் சின்னக் கண்ணாடியைக் காட்டி, இது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கச் சொன்னார். பாக் சோங் சந்தையில், பல் டாக்டர்கள் வைத்திருக்கும் மாதிரியில், கைப்பிடியோடு கிடைக்கும் என்றார் அவர். மறுநாள் ரயிலுக்கு முன்னால் சந்தைக்குப் போய் நான்கு கண்ணாடிகள் வாங்கினோம்.